கதவைத் திறந்து வைத்த வீரர்கள்

வீரர்களைப் போற்றும் வழக்கம் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. ஆநிரை மீட்கச் சென்று உயிர் நீத்தவனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரையும் பெருமையையும் பொறித்து, மயிற்பீலி சூட்டி வணங்கிய பரம்பரையில் வந்தவர்கள் நாம். நடுகல் நாட்டிய காலம் மலையேறி விட்டது; வழக்கம் மட்டும் போகவில்லை. நாற்சந்தியில் சிலை எழுப்புகிறோம். வீதிக்கும் மேம்பாலத்துக்கும் பெயர் சூட்டுகிறோம். பிறந்த நாளன்று ஆளுயர மாலை போடுகிறோம். மறுநாள் முதல் அந்தச் சிலையைக் கவனித்துக் கொள்ளும் பொறுப்பைக் காக்கைகளிடம் ஒப்படைத்து விடுகிறோம்!

இதில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. பெரியோரைப் போற்றத் தெரியாத சமூகம் நாளடைவில் பெரியோரைப் பெறவும் தெரியாத சமூகமாகிவிடும். ஆனால், யாரைப் போற்றுவது என்பதில் நாம் காட்டும் உற்சாகத்தில் நூற்றில் ஒரு பங்கையாவது, எதற்காகப் போற்றுவது என்பதில் காட்டுகிறோமா என்பதுதான் கேள்வி.

தேச விடுதலைக்காகச் சிறை சென்றவர்களை எதற்காகப் போற்றுகிறோம் என்பது குழந்தைக்கும் தெரியும். அவர்களுக்கு எதிரே நின்றது அந்நிய ஆட்சி. அது போய்விட்டது. இன்னொரு வகை வீரர்களும் உண்டு. அவர்களுக்கு எதிரே நின்றது அந்நியன் அல்ல. சொந்த ஊர், சொந்த ஜாதி, சொந்தக் கட்சி, சொந்த அரசாங்கம், சில சமயம் சொந்தக் குருநாதர்! "இதை நீ செய்யலாகாது" என்று அவை தடுத்தபோது, "செய்தே தீருவேன்" என்று தன்னந்தனியாக நின்றவர்கள் அவர்கள். தனி மனிதனின் சுதந்திரம் என்று இன்று நாம் எளிதாகச் சொல்லுகிறோமே, அந்தப் பாதையில் முள்ளை மிதித்து நடந்தவர்கள் அவர்களே.

இத்தகைய வீரர்களை அளப்பதற்கு ஒரு நல்ல படி வேண்டும். இல்லாவிட்டால் மோசம் போவோம். தடையை மீறியவர் எல்லாரும் வீரர் என்றால், சுங்கச் சாவடியை ஏய்த்துவிட்டுப் போகிறவரும் வீரராகி விடுவார். பொருள் குவித்தவர் எல்லாரும் வீரர் என்றால், கள்ளச் சந்தைக்காரருக்கும் ஒரு சிலை வைக்க நேரிடும். அந்தப் படியைத் தேடி மேல்நாட்டுத் தத்துவ நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. வல்லக்கோட்டை முருகனைத் தரிசிக்கப் போகிறவர்கள் கடந்து செல்லும் வழியிலேயே அது இருக்கிறது.

கோயிலும் தொழிற்சாலையும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் ராஜபாட்டையில் ஸ்ரீபெரும்புதூரை அடைந்து, அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போகும் சாலையில் திரும்பினால் வழியில் இருப்பது வல்லக்கோட்டை. ஏழடி உயரத் திருமேனியுடன் அங்கே முருகப் பெருமான் வள்ளி தெய்வயானை சமேதராக நின்று அருள் புரிகிறார். அருணகிரிநாதர் திருப்புகழில் கோடைநகர் என்று பாடிய தலம் இதுவே. வல்லன் என்ற அசுரனை முருகன் வென்றதாகவும், அவன் வேண்டிக்கொண்டபடி ஊருக்கு அவன் பெயரே நிலைத்ததாகவும் தல புராணம் கூறுகிறது. வென்றவர் பெயரை ஊருக்கு வைப்பதைத்தான் உலகம் அறியும். தோற்றவன் பெயரை ஊருக்கு விட்டுக் கொடுத்த பெருந்தன்மை நம் முருகனுக்கே உரியது போலும்!

கிருத்திகை தினங்களில் இந்தச் சாலையில் காவடியும் பால்குடமும் போகும். எல்லாத் தினங்களிலும் மோட்டார் வண்டிகள் போகும். அவ்வண்டிகளில் பல இந்தச் சாலையை ஒட்டியே பிறந்தவை. ஏரியும் வயலும் புஞ்சையுமாக இருந்த பூமி இது. வடக்கே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனியின் கார்கள் 1998 முதல் வெளி வருகின்றன. ஓரகடத்தில் 2010ல் ரெனால்ட்–நிஸ்ஸான் தொழிற்சாலை எழுந்தது. 2012ல் அதே ஓரகடத்திலிருந்து பாரத் பென்ஸ் லாரிகள் புறப்பட்டன. 2013ல் ஓரகடத்திலும் 2017ல் வல்லம் வடகாலிலும் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள்கள் உருவாகத் தொடங்கின. அந்தப் பெயரைச் சூடிய வண்டி பிறந்த இடம் இங்கிலாந்து தேசம். அங்கே அத்தொழில் நின்றுபோன பிறகும் சென்னையில் நிற்கவில்லை. இன்று வல்லத்தில் செய்த வண்டி இங்கிலாந்துக்கே கப்பலேறிப் போய் விலையாகிறது. கொல்லன் தெருவில் ஊசி விற்பதென்றால் இதுதான்.

இந்த யந்திரங்களின் பேரிரைச்சலுக்கு நடுவே, ஏறக்குறைய 1,000 ஆண்டுகளுக்கு முன் எழுந்த ஒரு தனிக் குரலின் நினைவும் இப்பகுதியில் வாழ்கிறது. நாம் தேடும் அளவுகோல் அங்கேதான் கிடைக்கிறது.

கோபுரத்தின் மேல் ஒரு குரல்

1017ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்தவர் இராமாநுஜர். அவர் வரலாற்றில் தமிழ் மக்கள் அனைவரும் அறிந்த கட்டம் ஒன்று உண்டு. வைணவப் பெரியோர் வழிவழியாகச் சொல்லி வரும் வரலாறு இது.

திருமந்திரத்தின் உட்பொருளை அறிய விரும்பி இராமாநுஜர் திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூர் நம்பியிடம் சென்றார். ஒரு முறையல்ல, இரு முறையல்ல. பதினெட்டு முறை நடந்தார். கடைசியில் நம்பி மனமிரங்கி, "இதை வேறு எவருக்கும் சொல்லலாகாது, சொன்னால் நரகம் புகுவாய்" என்று ஆணையிட்டு உபதேசம் செய்தார். உபதேசம் பெற்றவர் என்ன செய்தார்? திருக்கோட்டியூர்க் கோயிலின் மேல் ஏறி நின்றார். ஆசையுள்ளவர் எல்லாரும் வரலாம் என்று கூவி அழைத்தார். பெற்றதை எல்லாருக்கும் வெளியிட்டார். கோபத்துடன் கேட்ட குருவிடம், தாம் ஒருவர் நரகம் புகுந்து இத்தனை பேரும் நற்கதி அடைவார்களானால் அதுவே தமக்கு உகந்தது என்று விடை சொன்னார். அந்தக் குருவும் சாமானியரல்லர். சீடரை வாரியணைத்து, "எம்பெருமானார்" என்று பெயர் சூட்டினார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கட்டளையை மீறியவர் அதற்குரிய விலையைத் தாமே கொடுக்க முன்வந்தார்; பிறர் தலையில் கட்டவில்லை. இரண்டு, மீறிப் பெற்ற பயனைத் தமக்கென்று பூட்டி வைக்கவில்லை. மந்திரத்தின் பொருளை அறிந்ததோடு அவர் திருப்தியடைந்திருந்தால், பதினெட்டு முறை நடந்த விடாமுயற்சிக்காக மட்டும் அவரைப் புகழ்ந்திருப்போம். அது ஒரு தனி மனிதரின் சாதனையாக நின்றிருக்கும். கோபுரத்தின் மேல் ஏறியதனால்தான் அது பலருடைய விடுதலையாக மாறிற்று.

பின்னாளில் அவர் காவிரியில் நீராடிவிட்டுத் திரும்பும்போது, தாழ்ந்த குலத்தவர் என்று உலகம் ஒதுக்கிய பிள்ளை உறங்காவில்லி தாசரின் கையைப் பற்றிக்கொண்டே வருவார் என்பதும் அதே மரபு சொல்லும் செய்தி. ஊரார் முகம் சுளித்தார்கள். அவர் பிடித்த கையை விடவில்லை.

ஆகவே, தனி மனித சுதந்திர வீரர் என்று எவரைச் சொன்னாலும் அவரிடம் இரண்டு கேள்விகள் கேட்போம். "தடையைத் தாண்டுவதற்கு நீர் எதைப் பணயம் வைத்தீர்?" என்பது முதல் கேள்வி. "தாண்டிய பிறகு பின்னால் வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்தீரா, தாழிட்டுக் கொண்டீரா?" என்பது இரண்டாவது கேள்வி.

இந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு நம் காலத்துக்கு அருகில் வருவோம். வல்லக்கோட்டைச் சாலையில் இன்று ஓடும் வண்டிகளுக்கும் தமிழ்நாட்டுப் பெரியவர்கள் இருவருக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. ஒருவர், தொழில் செய்யும் சுதந்திரத்துக்காக வாதாடியவர். மற்றவர், அந்தச் சுதந்திரத்தைக் கையால் செய்து காட்டியவர்.

எண்பதாம் வயதில் ஒரு கலகம்

1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ந் தேதி, ஓசூருக்கு அருகில் தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தவர் ராஜாஜி. சேலத்தில் பெயர் பெற்ற வக்கீல். அந்தத் தொழிலை உதறிவிட்டுச் சிறை புகுந்தவர். 1930ல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை நடத்தியவர். 1937ல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி. 1948ல் சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரல். ஒரு மனிதர் ஆசைப்படக் கூடிய பதவிகளில் அவர் வகிக்காதது மிகக் குறைவு.

ஆனால், பதவிகளுக்காக அவரைப் போற்றுவது மரத்தை விட்டு நிழலைப் பிடிப்பதாகும். அவருடைய வீரம் வெளிப்பட்டதெல்லாம் அவர் தனித்து நின்ற சமயங்களிலேதான். 1942ல் தேசமே ஒரு திசையில் பெருக்கெடுத்து ஓடியபோது, முஸ்லிம் லீக்குடன் உடன்பாடு காண்பதே விவேகம் என்றும், அச்சமயத்தில் "வெள்ளையனே வெளியேறு" இயக்கம் உசிதமன்று என்றும் அவர் சொன்னார். காங்கிரஸிலிருந்தும் சட்டசபையிலிருந்தும் விலகினார். தேசத் துரோகி என்ற வசையையும் கேட்டுக்கொண்டார். அவர் கருத்துச் சரியா தவறா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்றும் வாதாடட்டும். கைதட்டல் எந்தப் பக்கம் என்று பார்த்து அவர் பேசவில்லை என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

இதைவிட வியப்பானது 1959ல் நடந்தது. முந்திய ஆண்டில்தான் அவருடைய "சக்கரவர்த்தித் திருமகன்" சாகித்திய அகாடமிப் பரிசு பெற்றிருந்தது. வயது 80. சாய்வு நாற்காலியில் அமர்ந்து இராமகதை சொல்லிக் கொண்டிருந்தால் தேசம் முழுவதும் வந்து காலில் விழுந்திருக்கும். அவரோ ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, தம் வாழ்நாளெல்லாம் தோழராயிருந்த ஜவஹர்லால் நேருவின் கட்சியை எதிர்த்துச் சுதந்திரா கட்சியைத் தொடங்கினார்.

காரணம் என்ன? 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அட்டவணையில் கண்ட தொழில்களில் புதிய ஆலை தொடங்க லைசென்ஸ் வேண்டும். இருக்கும் ஆலையைப் பெருக்க லைசென்ஸ் வேண்டும். புதிதாக ஒரு சரக்கைச் செய்யவும் லைசென்ஸ் வேண்டும். யந்திரத்தை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேறொரு பர்மிட். மூலப் பொருளுக்கு ஒரு கோட்டா. ஒருவருக்கு ஒரு பொருளைச் செய்யத் தெரிகிறது. வாங்குவதற்கு ஆள் இருக்கிறது. செய்வதற்கு மட்டும் டில்லியிலிருந்து காகிதம் வர வேண்டும்! இதற்கு "பர்மிட்–லைசென்ஸ்–கோட்டா ராஜ்யம்" என்று ராஜாஜி பெயர் வைத்தார். அந்தப் பெயர் அரசியல் அகராதியில் நிலைத்துவிட்டது.

பணக்காரர்களுக்காகக் கட்சி வைத்தார் என்று அவரை ஏசியவர்கள் பலர். அவருடைய வாதமோ நேர்மாறானது. டில்லியில் மாதக் கணக்கில் ஆள் வைத்துக் காத்திருக்கப் பெரு முதலாளியால் முடியும். கோயமுத்தூர்ப் பட்டறைக்காரரால் முடியுமா? ஆகவே லைசென்ஸ் என்பது சிறியவர்கள் நுழையாமல் பெரியவர்களுக்குக் காவல் நிற்கும் கதவு என்றும், அந்தக் கதவின் தாழ்ப்பாளில்தான் லஞ்சம் பிறக்கிறது என்றும் அவர் எழுதினார், பேசினார். 1952ல் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்தபோதே, பலர் பயமுறுத்தியும் பொருட்படுத்தாமல், உணவு தானியக் கட்டுப்பாட்டை அவர் எடுத்தெறிந்து காட்டியிருந்தார்.

சுதந்திரா கட்சிக்கு 21 அடிப்படைக் கொள்கைகள். அவற்றில் ஒன்று மிக விசித்திரமானது. அந்த அடிப்படைகளுக்குப் புறம்பான விஷயங்களில், கட்சி அங்கத்தினர் தத்தம் மனச்சாட்சிப்படி பேசவும் வோட்டளிக்கவும் உரிமையுண்டு என்பதே அது. தலைவர் இருமினால் தொண்டரும் இரும வேண்டிய கட்சிகளையே பார்த்துப் பழகிய நமக்கு இது கதை போலத் தோன்றும். 1962ல் அக்கட்சி லோக் சபையில் 18 இடங்களும் 1967ல் 44 இடங்களும் பெற்றது. 1971ல் படுதோல்வி. 1972 டிசம்பர் 25ந் தேதி ராஜாஜி காலமானார். 1974ல் கட்சியும் வேறொரு கட்சியில் கரைந்து போயிற்று.

முதல் கேள்விக்கு அவர் விடை தெளிவாக இருக்கிறது. பதவி, நட்பு, நற்பெயர் ஆகிய மூன்றையும் அவர் பல முறை பணயம் வைத்தார். இரண்டாவது கேள்விக்கு விடை ஒரு சொல்லில் அடங்காது.

1939 ஜூலை 8ந் தேதி மதுரையில் வைத்தியநாத ஐயர், கக்கன் முதலிய ஹரிஜனத் தோழர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் பிரவேசித்தார். கோயிலைத் திறந்து விட்டவர்கள் மேல் வழக்குகள் பாயாதபடி சட்டம் செய்து காத்தவர் ராஜாஜி. எம்பெருமானார் பற்றிய கையை அவரும் பற்றினார் என்று சொல்லத் தகும். ஆனால், அதே ராஜாஜிதான் 1938ல் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்தவர்களைக் கடுமையான சட்டத்தின் கீழ் சிறைக்கு அனுப்பினார். சிறை சென்றவர்களில் தாலமுத்துவும் நடராசனும் உயிர் இழந்தார்கள். 1953ல் பள்ளிக்கூட நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதிப் பொழுதில் குழந்தைகள் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்றார். அப்பன் தொழில்தான் மகனுக்கா என்று தமிழ்நாடு கொதித்தெழுந்தது. 1954ல் அவர் பதவி விலகினார். காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

ராஜாஜியைப் போற்றுகிறவர்கள் இவற்றை மறைக்க வேண்டியதில்லை. அரசாங்கத்தின் கைக்கு அளவற்ற அதிகாரம் கொடுப்பது ஆபத்து என்று அவர் 1959ல் சொன்னது எவ்வளவு உண்மை என்பதற்கு, 1938ல் அவரே ஓர் உதாரணமாகிவிட்டார். இதனால் அவருடைய கொள்கை பொய்யாகிவிடாது. எத்தனை நல்லவரானாலும் அதிகாரம் கைக்கு வந்தால் பிறர் சுதந்திரம் கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்ற உண்மைதான் உறுதிப்படுகிறது.

கலங்கல் கிராமத்து விசுவாமித்திரர்

இனி, கையால் செய்து காட்டியவரைப் பார்ப்போம்.

1893ல் கோயமுத்தூருக்கு அருகில் கலங்கல் என்னும் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் அவரைப் பிடிக்கவில்லை. ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைக் கண்டார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை; வண்டி ஓடுகிறது! அந்த அதிசயத்தை விலைக்கு வாங்குவதற்காகக் கோயமுத்தூர் ஹோட்டல் ஒன்றில் வேலைக்கு அமர்ந்து காசு சேர்த்தார். வாங்கிய வண்டியில் ஏறி ஊரைச் சுற்றினாரா என்றால், இல்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டு, மறுபடியும் பூட்டினார். அதுதான் அவர் படித்த காலேஜ்.

1920ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு பஸ்ஸிலிருந்து வளர்ந்த யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் தென்னாட்டில் புகழ் பெற்றது. 1937ல் இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டார் கோயமுத்தூரில் அவருடைய முயற்சியால் உருவாயிற்று. கோயமுத்தூர் இன்று பம்புசெட்டு நகரமாக விளங்குவதற்கு விதை ஊன்றியவர்களில் அவர் முக்கியமானவர். ரேஸண்ட் என்ற சவரக் கத்தி செய்தார். பருத்தியிலும் பப்பாளியிலும் புதுப் புது விதங்களை விளைவித்தார். பட்டம் எதுவும் பெயருக்குப் பின்னால் இல்லை.

1945ல் கோயமுத்தூரில் தொழிற் கல்லூரி ஏற்படுவதற்கு அவர் காரணமாயிருந்தார். அதன் தலைமையையும் வகித்தார். ஆனால், நான்கு வருஷப் படிப்பு என்பது வாலிபர்களின் ஆயுளை வீணடிப்பது, சில மாதங்களில் தொழிலைக் கற்பித்து விடலாம் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒப்பவில்லை. அவர் விலகி வந்துவிட்டார். ஆயினும் ஏழை வாலிபர்களுக்குக் குறுகிய காலத்தில் தொழில் பழக்கும் வேலையை அவர் நிறுத்தவில்லை. தாம் ஏறிய சுவரில் பிறருக்கு ஏணி சாத்தியவர் அவர்.

பிறகு 1950களில் நடந்தது தமிழ்நாட்டில் பலருக்கு நெஞ்சில் முள்ளாக இருக்கும் செய்தி. வரிச் சுமையும் அரசாங்கத்தின் அலட்சியமும் தாங்காமல், தாம் செய்த அருமையான பொருள்களை ஜனங்களின் முன்னிலையில் வைத்துத் தாமே அடித்து நொறுக்கினார். பெற்ற தாய் பிள்ளையை அடிப்பதைப் பார்ப்பது போன்ற காட்சி! உடைத்ததற்குப் பதில் ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றுகிறது. அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால், படைக்கும் சுதந்திரம் இல்லாத இடத்தில் படைப்பு எதற்கு என்ற அவர் கேள்வியும் நியாயமற்றதன்று. 1974 ஜனவரி 4ந் தேதி அவர் மறைந்தார். 2025ல் கோயமுத்தூர் அவிநாசிச் சாலையின் நீண்ட மேம்பாலம் அவர் பெயரைப் பெற்றது. வாகனம் ஓட்டிப் புகழ் பெற்றவருக்குப் பொருத்தமான நடுகல்தான்.

1991ஆம் வருஷம்

ராஜாஜி மறைந்து ஏறக்குறைய 19 ஆண்டுகளும் ஜி. டி. நாயுடு மறைந்து 17 ஆண்டுகளும் கடந்தன. 1991 மே 21ந் தேதி இரவு, இதே ஸ்ரீபெரும்புதூரில், தேர்தல் பிரசாரத்துக்கு வந்த ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டார். தேசம் துயரத்தில் ஆழ்ந்தது. அத்தேர்தலுக்குப் பின் அமைந்த நரசிம்ம ராவ் மந்திரிசபை, ஜூலை 24ந் தேதி புதிய தொழிற் கொள்கையை வெளியிட்டது. சில தொழில்கள் நீங்கலாக மற்றவற்றுக்கு லைசென்ஸ் முறை நீங்கியது. அதே தினம் நிதி மந்திரி மன்மோகன் சிங் தம் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தார். 1993ல் மோட்டார் கார்த் தொழிலுக்கும் விலங்கு கழன்றது. 1959ல் ஒரு கிழவரின் பிடிவாதம் என்று எள்ளி நகையாடப்பட்ட கருத்தில் ஒரு பெரும் பகுதி, அவர் பெயரைச் சொல்லாமலே சட்டமாயிற்று.

அதன் பலன்தான் வல்லக்கோட்டைச் சாலையில் நாம் காணும் காட்சி. ஆனால், கதவு திறந்ததும் எல்லாம் தானாக நடந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. 1971ல் ஏற்பட்ட சிப்காட் என்னும் தமிழ்நாட்டு அரசாங்க ஸ்தாபனம் நிலத்தை எடுத்துக் கொடுத்தது, சாலை போட்டது, தண்ணீர் கொண்டு வந்தது. அரசாங்கம் வரிச் சலுகை தந்தது. கிராமத்தார் வயலைக் கொடுத்தார்கள். கொடுக்க விருப்பமா என்று கேட்டபோது, முடியாது என்று சொல்லும் சுதந்திரம் அவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் இருந்தது என்பதையும் யோசிக்க வேண்டும். தொழில் நடத்துகிறவரின் சுதந்திரத்துக்காகக் கண்ணீர் விட்டவர்கள், ஏர் பிடித்தவரின் சுதந்திரத்தை மறந்தால் அந்தப் படி கள்ளப் படியாகிவிடும்.

யந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்கள்

இன்னும் ஒரு சாரார் பாக்கி இருக்கிறார்கள். யந்திரத்தை ஓட்டுகிறவர்கள்.

1918 ஏப்ரல் 27ந் தேதி சென்னையில் பி. பி. வாடியா, செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு, திரு. வி. க. முதலியோரின் முயற்சியால் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காக அவர்கள் வாதாடினார்கள். வேலை நிறுத்தத்தால் நஷ்டம் என்று ஆலை முதலாளிகள் ஹைகோர்ட்டில் வாடியாவின் மீது வழக்குத் தொடுத்தார்கள். கூடிப் பேசுவதே குற்றமா என்று தேசமெங்கும் கேள்வி பிறந்தது. அதன் பயனாகவே 1926ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. கோபுரத்தின் மேல் நின்று ஒருவர் உரக்கப் பேசுவது தனி மனித சுதந்திரம் என்றால், ஆலைக் கதவருகே நின்று நூறு பேர் சேர்ந்து பேசுவதும் அதே சுதந்திரம்தான். ஒவ்வொருவராகப் பேசினால் காதில் விழாதவர்கள், சேர்ந்து பேசும் உரிமையைக் கேட்கிறார்கள், அவ்வளவே.

நூறு வருஷங்களுக்குப் பின் அதே கேள்வி இந்தப் பகுதியில் மறுபடி எழுந்தது. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி செய்யும் பாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள், விடுதி உணவு நஞ்சாகித் தோழியர் பலர் நோயுற்றதைக் கண்டித்து, பெங்களூர் ராஜபாட்டையில் வந்து உட்கார்ந்தார்கள். எல்லாரும் தூரத்துக் கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள். அவர்களில் எவருக்கும் சிலை வைக்கப் போவதில்லை. ஆனால், வேலை போனால் தம்பியின் படிப்பு என்னாகும், தங்கையின் கல்யாணம் என்னாகும் என்று நினைத்துக்கொண்டே அந்தச் சாலையில் உட்கார்வதற்கு எத்தனை தைரியம் வேண்டும்? விடுதியும் உணவும் சீர்படும் என்ற வாக்குறுதி அதற்குப் பிறகுதான் வந்தது.

2024 செப்டம்பர் 9ந் தேதி, சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். முக்கியமான கோரிக்கை, தாங்கள் அமைத்த சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது. ஒரு மாதத்துக்கு மேல் சம்பளமின்றி நின்றார்கள். அக்டோபர் நடுவில் வேலைக்குத் திரும்பினார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. ஒருவர் ஆலை தொடங்க டில்லியின் காகிதத்துக்காகக் காத்திருந்தது அநியாயம் என்றால், தொழிலாளர்கள் ஒரு சங்கம் தொடங்க மாதக் கணக்கில் காகிதத்துக்காகக் காத்திருந்ததும் அநியாயமே அல்லவா? ராஜாஜியின் வாதத்தை மனப்பூர்வமாக ஏற்பவர்கள் இந்த வாதத்தையும் மறுக்க இயலாது. சுதந்திரம் என்ற சொல்லுக்கு முதலாளிக்கு ஓர் அர்த்தம், தொழிலாளிக்கு வேறோர் அர்த்தம் என்று அகராதியில் இல்லை.

வீட்டில் சொல்ல வேண்டிய கதை

குழந்தைகளுக்கு வீரர் கதை சொல்லும்போது நாம் பெரும்பாலும் வெற்றியை மட்டும் சொல்லுகிறோம். ஏழையாய்ப் பிறந்தார், உழைத்தார், உயர்ந்தார் என்று முடித்து விடுகிறோம். குழந்தையும் உயர்வதுதான் வீரம் என்று எண்ணிக் கொள்கிறது. இராமாநுஜர் பதினெட்டு முறை நடந்ததைச் சொல்லும்போது கோபுரம் ஏறியதையும் சொல்லுவோம். ஜி. டி. நாயுடு பஸ் வாங்கியதைச் சொல்லும்போது, ஏழை வாலிபர்களுக்குத் தொழில் பழக்கியதையும் சொல்லுவோம். ராஜாஜியின் 1959ஐச் சொல்லுகிறவர்கள் அவருடைய 1939ஐயும் 1938ஐயும் சேர்த்தே சொல்லட்டும். முழு மனிதரைக் காட்டினால் குழந்தைகளுக்கு மரியாதை குறையும் என்று பயப்பட வேண்டாம். வீரர் என்பவர் குற்றமற்ற தெய்வம் என்று கற்றால், தாங்கள் ஒருநாளும் அப்படி ஆக முடியாது என்றும் அவர்கள் கற்றுவிடுவார்கள். நம்மைப் போன்ற மனிதரே ஒரு சமயத்தில் தனித்து நின்றார் என்று அறிந்தால்தான், தங்களுடைய சமயம் வரும்போது தாங்களும் நிற்பார்கள்.

கிருத்திகைக்கு வல்லக்கோட்டை செல்லும் நேயர்கள் ஸ்ரீபெரும்புதூரில் சற்று இறங்கி, ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் "தான் உகந்த திருமேனி"யாக எழுந்தருளியிருக்கும் எம்பெருமானாரையும் சேவித்துவிட்டுப் போகலாம். மாலை ஐந்து ஆறு மணி சுமாருக்குத் திரும்பினால், தொழிற்சாலை பஸ்கள் வரிசை வரிசையாக நின்று வழி மறிக்கும். அலுத்துக் கொள்ள வேண்டாம். ஜன்னலோரத்தில் அயர்ந்து தூங்கும் அந்தப் பெண்களின் முகங்களையும் குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.